ஓய்வு பெற்றோர் கையில் ஒரு வாத்தியம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி, "நான் பேஸ் கிட்டார் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் வீட்டார் சிரிப்பார்கள். பிறகு பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது, இந்த வயதில் கிட்டாரா?" என்று ஒருவர் கேட்பார். "பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட ஆள் இல்லை, இவருக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று இன்னொருவர் கேட்பார். மறுநாள் அந்த மனிதர் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார்.

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறோம். இது வெறும் கேலி அல்ல. இதற்குள் ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது. தொழிலாளியின் கை உழைப்பதற்கு மட்டுமே உண்டானது. உழைப்பு முடிந்ததும் அந்தக் கைக்கு வேறு அலுவல் இல்லை என்பதே அந்தக் கொள்கை. இதையே ஒரு முதலாளி சொல்லியிருந்தால் நாம் கூட்டம் போட்டுக் கண்டித்திருப்போம். நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாமே சொன்னால் மட்டும் அது நியாயமாகிவிடுமா?

மூன்றாவது எட்டு மணி

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1856ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி கல்தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனார்கள். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டார்கள், கேட்டதைப் பெற்றார்கள். 1886 மே மாதத்தில் சிகாகோத் தொழிலாளர் இரத்தம் சிந்தியதும் அதே கோரிக்கைக்காகத்தான். மே தினக் கூட்டந்தோறும் நாம் இந்த வரலாற்றைச் சொல்கிறோம். ஆனால் பாதியைத்தான் சொல்கிறோம். எட்டு மணி இயக்கம் நாளை மூன்று கூறாகப் பங்கிட்டது. எட்டு மணி வேலைக்கு. எட்டு மணி உறக்கத்துக்கு. மிச்சமுள்ள எட்டு மணி தொழிலாளியின் சொந்த விருப்பத்துக்கு.

முதல் எட்டு மணியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ஒப்பந்தம் போட்டோம், வழக்காடினோம். நம் நாட்டுச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகக் குறைந்தது. நல்லது. ஆனால் அந்த மூன்றாவது எட்டு மணி எங்கே போயிற்று?

விடியுமுன் பெரட்டுக்கு நின்றோம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனோம். மரம் சீவி, பால் எடுத்து, தோளில் கம்பு வைத்து வாளி சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பினால், அங்கே மாடும் ஆடும் காய்கறிப் பாத்தியும் காத்திருந்தன. கிராணிமாருக்கோ மாதக் கடைசியில் செக்ரோல் முடியும்வரை விளக்கு அணைந்ததில்லை. சொந்த விருப்பம் என்று ஒன்று இருக்கிறதா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. பல தோட்டங்களில் மாலை நேரத்துக்கென்று தொழிலாளிக்குத் திறந்திருந்த கதவு கள்ளுக்கடைக் கதவுதான்.

ஆகவே நமது கட்சி இதுதான்: ஓய்வுக்காலம் யாரோ நமக்குப் போடும் தருமம் அல்ல. நாற்பது வருடமாகக் கொடுபடாமல் நின்ற அந்த மூன்றாவது எட்டு மணியின் பாக்கி. 2013 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அறுபதுக்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடமாவது வாழ்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் பாக்கியை வாங்கி, மனத்துக்குப் பிடித்தபடி செலவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஒருவர் மீன் பிடிக்கலாம். ஒருவர் புத்தகம் படிக்கலாம். ஒருவர் பேஸ் கிட்டார் வாசிக்கலாம்.

ஏன் பேஸ் கிட்டார்?

சாதாரணக் கிட்டாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நான்கே தந்தி, தடித்த தந்தி, கழுத்து நீளம். மேலைநாட்டு முறையில் அவற்றை ஈ, ஏ, டி, ஜி என்று சுதி கூட்டுவார்கள். அடித்தந்தியை மீட்டினால் அது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிரும். காதைவிட நெஞ்சு முதலில் அறிகிற ஒலி அது.

இந்த வாத்தியம் பாட்டின் மெட்டை வாசிப்பதற்கு ஏற்பட்டதல்ல. மேளத்தின் தாளத்தையும் பாட்டின் சுரத்தையும் சேர்த்துக் கட்டுவதே அதன் வேலை. மிருதங்கத்தில் வலந்தலை பேசுகிறது, தொப்பி தாங்குகிறது அல்லவா? உறுமி மேளத்தில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அடியிலிருந்து ஒரு முனகல் எழுகிறது அல்லவா? அதை எடுத்துவிட்டால் மேளமே வெறுங்கூடாகிவிடும். இசைக்குழுவில் பேஸ் கிட்டாரின் இடம் அப்படிப்பட்டது. உறுமி கேட்டு வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இதன் நியாயத்தை யாரும் புதிதாகப் போதிக்கத் தேவையில்லை.

இந்த வாத்தியத்தின் பிறப்புக்கும் ரப்பருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கணக்குக் கிராணி வேலை இழந்தார். அவர் வேலை பார்த்தது ஒரு டயர் கம்பெனியின் கணக்குப் பிரிவில். அதே மந்தத்தில்தான் ரப்பர் விலை விழுந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை இழந்த அந்தக் கிராணியின் பெயர் லியோ ஃபெண்டர். அவர் 1938இல் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். அங்கிருந்து மின்சாரக் கிட்டார் செய்யும் தொழிலுக்குப் போனார். அக்காலத்தில் பேஸ் வாசிப்பவர்கள் ஆள் உயரத்துக்கு மேலான பெரிய வாத்தியத்தைச் சுமந்து அலைந்தார்கள். சுமந்து கொண்டுபோய் வாசித்தாலும் மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அது கேட்காது. அவர்களுடைய கஷ்டத்தைக் கண்ட ஃபெண்டர், தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய, மின்சாரத்தால் ஒலி பெருகும் பேஸ் கிட்டாரை 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பே 1930களில் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் இப்படி ஒன்றைச் செய்து பார்த்ததுண்டு. ஆனால் உலகமெங்கும் பரவியது ஃபெண்டரின் வாத்தியமே. வேடிக்கை என்னவென்றால், லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

வயதானவர்களுக்கு இந்த வாத்தியம் பொருந்தும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதுமையில் காது மந்தமாகும்போது கீச்சென்ற மேல் ஒலிகள்தான் முதலில் தேய்கின்றன. கீழ் ஒலிகள் பிந்தியே போகும். இது ஒன்று. ஒரே சமயத்தில் ஒரு தந்தியை ஒரு விரலால் அழுத்தினால் போதும். ஆறு தந்தியையும் சேர்த்துப் பிடிக்கும் சிரமம் இல்லை. இது இரண்டு. மூன்றாவதுதான் முக்கியம். பேஸ் கிட்டாரைத் தனியாக வைத்துக்கொண்டு நெடுநேரம் மகிழ முடியாது. பாடுகிறவர் வேண்டும், தாளம் போடுகிறவர் வேண்டும். வாங்கினவர் நாலு பேரைத் தேடிப் போயே தீர வேண்டும். லயத்து வாழ்க்கையை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போய், பகலெல்லாம் பேசுவதற்கு ஆளில்லாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய மருந்து எது?

அமெரிக்காவில் 60 முதல் 85 வயது வரையுள்ளவர்களுக்கு ஆறு மாதம் பியானோ கற்றுக்கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. கற்றவர்களின் நினைவுத் திறனும் கவனத் திறனும் கற்காதவர்களைவிட முன்னேறியதாக அது கூறியது. அது பியானோவைப் பற்றிய ஆய்வு. பேஸ் கிட்டாருக்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. அறுபதுக்கு மேல் மூளை எதையும் ஏற்காது என்ற பேச்சுக்கு அது பதில் என்று மட்டும் சொல்கிறோம்.

பெயர் போடாத உழைப்பு

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. 1960களில் அதன் பாட்டுகள் உலகமெங்கும் ஒலித்தன. அவற்றில் மிகப் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்தியை மீட்டியவர். பாடகர்களின் படம் உறையில் வந்தது. ஜேமர்சனும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகள் உறையில் பெயர்கூட இல்லாமல் உழைத்தார்கள். 1971இல்தான் அவர்கள் பெயர் அச்சேறியது. பால் வாளியைச் சுமந்தவன் பெயர் எந்த டயரில் எழுதியிருக்கிறது? நம்மவர்களுக்கு இந்தக் கதை விளங்கும்.

நம் தமிழ்ப் பாட்டுக்கு வருவோம். 1976இல் "அன்னக்கிளி" படத்தின் மூலம் வந்த இளையராஜா, அதற்கு முன் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். அவர் அண்ணன் பாவலர் வரதராசன் தொழிலாளர் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நடுவே பாடிப் பிரசாரம் செய்தவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த இளையராஜா, பேஸ் கிட்டாருக்குத் தமிழ்ப் பாட்டில் தனி இடம் கொடுத்தார். அவருடைய பாட்டுகள் பலவற்றில் அதை வாசித்தவர் சசிதரன். இன்று மாலை வானொலியில் அந்தக் காலத்து இளையராஜா பாட்டு ஒன்று வந்தால், பாடகரின் குரலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அடியில் நடந்து போகும் அந்தத் தடித்த ஒலியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அதுதான் முதற்பாடம். அதற்குக் காசு இல்லை.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்றாவது எட்டு மணியை அதிகமாகப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்தாம். ஆணோடு சமமாக மரம் சீவிவிட்டு, அடுப்படியில் இன்னொரு வேலையும் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த இரண்டாவது வேலைக்கு ஓய்வு வயது வரவில்லை. அமெரிக்காவில் கேரல் கே என்ற பெண்மணி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். 1963இல் ஒரு பாட்டுப் பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போகவே, அந்த வாத்தியத்தை எடுத்து வாசித்தார். பிறகு அந்நாட்டில் மிக அதிகமாகப் பதிவு செய்யப்பட்ட பேஸ் வாத்தியக்காரர்களில் ஒருவராக விளங்கினார். நம் அக்காமாரும் அம்மாமாரும் பஜனையில் தாளம் தட்டுகிற கையை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கைக்கு இந்த வாத்தியம் எட்டாததல்ல.

எதிர்ப்புகளுக்குப் பதில்

"வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கு எதற்கு?" என்பார்கள். பஜனையில் நாம் வைத்திருக்கும் ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? கர்நாடக சங்கீத மேடையில் பிடில் எங்கிருந்து வந்தது? நம் நாட்டிலேயே பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் "அலிகேட்ஸ்" குழுவின் வழியே மலாய்ப் பாட்டில் நாடறிந்த புகழ் பெற்றார்கள். வாசிக்கிறவன் கைக்கு வந்த வாத்தியம் அவனுடையது. உறுமியையும் தவிலையும் விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவற்றோடு இதையும் உட்கார வையுங்கள் என்கிறோம்.

"சேமநிதிப் பணத்தை இதில் கரைப்பதா?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. ஊழியர் சேமநிதிப் பணம் முதுமைக்குச் சோறு. அதில் கைவைத்து விலை உயர்ந்த கிட்டார் வாங்குகிறவரை நாமே தடுப்போம். ஆனால் கற்றுக்கொள்ளப் போதுமான சாதாரண பேஸ் கிட்டார் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. பழையது வாங்கினால் இன்னும் குறையும். ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்து வாசிக்கலாம். கூட்டாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்வது தொழிற்சங்கக்காரனுக்குப் புதிதா?

"ஓய்வு பெற்றவனுக்குத் தோட்டத்து வீடு போகிறது, போக்கிடம் இல்லை. நீங்கள் கிட்டார் பேசுகிறீர்களே!" என்று சிலர் சீறுவார்கள். இந்தச் சீற்றத்தை மதிக்கிறோம். வீட்டுப் பிரச்சினை முதல் பிரச்சினை. கிட்டார் அதற்கு ஈடாகாது. வீடு கேட்பதை நிறுத்திவிட்டு வாசியுங்கள் என்று யாராவது சொன்னால் அவர் நமக்கு நண்பர் அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறோம். மனிதனுக்கு வீடு எதற்கு? படுத்து எழுந்து அடுத்த நாள் வேலைக்குப் போவதற்கு மட்டுமா? அப்படியானால் லயமே போதும் என்று சொன்ன துரைமாரோடு நாம் ஒத்துப்போய்விட்டோம் என்று அர்த்தம். வீட்டையும் கேட்போம், அந்த வீட்டில் மனிதனாக வாழும் உரிமையையும் கேட்போம். இரண்டும் ஒரே கோரிக்கைதான்.

கைக்குச் சில யோசனைகள்

விருப்பமுள்ளவர்களுக்கு உபயோகமாகச் சில வார்த்தைகள். வழக்கமான பேஸ் கிட்டாரில் தந்தியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குல நீளமுள்ள குட்டை வகையும் உண்டு. விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் கை சிறியவர்களுக்கும் அதுவே நல்லது. வாத்தியம் மூன்று நான்கு கிலோ எடை இருக்கும்; ஆகவே உட்கார்ந்தே வாசியுங்கள். முதல் சில வாரம் விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். மணிக்கட்டிலோ மூட்டிலோ வலி எடுத்தாலும், விரல் மரத்துப் போனாலும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிடக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று வாசிப்பது மேல்.

வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல இதன் கழுத்திலும் உலோகக் கோடுகள் பதித்திருக்கும். கோட்டை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் மெதுவாக அழுத்தினால் போதும். பலங்கொண்ட மட்டும் அழுத்தத் தேவையில்லை. மரம் சீவினவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி ஆழம் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் இல்லை. அளவறிந்த கை நம்முடைய கை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். அண்டை வீட்டாரோடு சண்டை வராது.

தொடங்குவது எளிது, தேறுவது எளிதல்ல. காலம் தவறாமல் வாசிப்பதும், வேண்டாத இடத்தில் வாசிக்காமல் இருப்பதும் பல வருடப் பயிற்சி. அதனாலென்ன? ஓய்வு பெற்றவருக்குப் பரீட்சை இல்லை, பெரட்டும் இல்லை.

சங்கம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிளையும் ஒரு பேஸ் கிட்டாரும், ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியும் வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். வாரம் இரண்டு மாலை ஓய்வு பெற்றவர்களுக்குக் கதவைத் திறந்து விடலாம். வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்து, அவருக்கு உரிய சம்பளம் கொடுத்துக் கற்பிக்கச் செய்யலாம். சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். பிறர் உழைப்பை இனாமாக வாங்குவது சங்கத்துக்கு அழகல்ல.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. தோட்டத்தில் கிராணிமாருக்கு ஒரு சங்கம், தொழிலாளருக்கு ஒரு சங்கம் என்று பிரிந்தே இருந்தோம். பெயர் எழுதினவர் மேசைக்கு அந்தப் பக்கம். பெயர் கொடுத்தவர் இந்தப் பக்கம். தாளம் எண்ணும்போது அந்த மேசை இருக்காது. ஓய்வு பெற்ற பெரிய கிராணி நான்கு எண்ணினாலும் நான்குதான். ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி எண்ணினாலும் நான்குதான். இருவரும் சேர்ந்து எண்ணினால்தான் பாட்டு நடக்கும்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நாளைக்கு இப்படி ஓர் ஆசையைச் சொன்னால் சிரிக்காதீர்கள். "எப்போது தொடங்கலாம், அப்பா?" என்று கேளுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். எதிர்க்கிறவர்கள் எழுந்து காரணம் சொல்லட்டும், கேட்போம், விவாதிப்போம். நாற்பது வருடப் பாக்கியைக் கேட்க இனியும் வெட்கப்பட வேண்டாம்.